உடலுக்கு அகராதி உண்டா? புகைப்படக் கலையும் சொல்லாத மொழியும்



உடல் பேசும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எதிரே இருப்பவர் வாயைத் திறக்காமலே அவர் வருத்தத்தையும் அவசரத்தையும் விருப்பமின்மையையும் தெரிந்துகொள்கிறோம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன: அமைச்சியலில் ஒன்று, களவியலில் ஒன்று. அரசன் முகத்தைப் படிப்பதும் காதலி கண்ணைப் படிப்பதும் தனித்தனியே பழக வேண்டிய திறமைகள் என்பதை இந்த அமைப்பே உணர்த்துகிறது. நம் காலம் இந்த அறிவைப் பட்டியலாகச் சுருக்கிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டால் மறுப்பு, மூக்கைத் தொட்டால் பொய், காலை ஆட்டினால் பதற்றம் என்று சொல்லித்தரும் உடல்மொழி நூல்கள் கடை கடையாக விற்கின்றன. ஒவ்வொரு விதிக்கும் சாட்சியாகப் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கும். சைகைக்குச் சைகை பொருள் சொல்லும் ஓர் அகராதி இருக்கிறது, அதைப் படம்பிடித்துக் காட்டவும் முடியும் என்பதே இதற்கு அடியில் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறு என்று இன்று வாதிட விரும்புகிறேன். உடல் பேசுகிறது, ஆனால் அதற்கு அகராதி கிடையாது. அகராதி எழுதப் புறப்பட்ட புகைப்படங்கள் உடலின் பேச்சை அடைத்துவிட்டன. அந்த ஆசையைக் கைவிட்ட கலைப் புகைப்படங்களே உடலைக் கவனிக்க நமக்குக் கற்றுக்கொடுத்தன.

அகராதி முயற்சி புகைப்படத்தின் இளமைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் மனித முகபாவங்களின் இயக்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முகத்தில் உணர்ச்சி மரத்துப்போன ஒரு முதியவரை உட்காரவைத்து, மின்கம்பிகளைத் தசைகள் மேல் வைத்து, ஒவ்வொரு தசையாகச் சுருங்கச் செய்து படமெடுத்தார். இந்தத் தசை சுருங்கினால் அச்சம், அந்தத் தசை சுருங்கினால் மகிழ்ச்சி என்று ஓர் இலக்கணம் பிறந்தது. படைத்தவன் எல்லா மனிதருக்கும் பொதுவாகக் கொடுத்த மொழி இது என்று துஷேன் நம்பினார். பத்து ஆண்டுகள் கழித்து, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்துவதைப் பற்றி நூல் எழுதிய சார்லஸ் டார்வின் இந்தப் படங்களைச் சோதித்துப் பார்த்தார். விளக்கம் எதுவும் சொல்லாமல் இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் அவற்றைக் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். அதைவிட முக்கியமானது டார்வின் தம்மைப் பற்றிப் பதிவுசெய்த செய்தி. துஷேனின் விளக்கத்தையும் சேர்த்துப் படித்தபோது, படங்கள் அப்படியே உண்மையாக இருக்கின்றன என்று அவர் வியந்தார். விளக்கம் இல்லாமல் பார்த்திருந்தால் தாமும் மற்றவர்களைப் போலவே குழம்பியிருப்போம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். முகம் சொன்னதாக அவர் நினைத்ததில் ஒரு பங்கை அச்சிட்ட எழுத்துதான் சொல்லியிருந்தது.

இதே முயற்சி மருத்துவமனைக்குள் போனபோது நடந்தது இன்னும் கொடியது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவரின் தலைமையில், ஹிஸ்டீரியா என்று அன்று பெயரிடப்பட்ட நோய்க்கு ஆளான பெண்களைப் படமெடுத்தார்கள். 1876 முதல் 1880 வரை அந்தப் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. அகஸ்டீன் என்ற பதின்வயதுப் பெண் படுக்கையில் அமர்ந்து கைகளை உயர்த்தும்போது, கீழே பரவசம் என்று அச்சிட்டார்கள். இன்னொரு நிலைக்கு அச்சுறுத்தல் என்று பெயர் வைத்தார்கள். அன்றைய கேமராவுக்கு உடல் சற்று நேரம் அசையாமல் இருந்தாக வேண்டும். நோயின் தன்னிச்சையான வெளிப்பாடு என்று காட்டப்பட்ட நிலையை அந்தப் பெண் கேமராவுக்காகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது இதிலிருந்து தெரிகிறது. மருத்துவர்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரிந்த உடல் அதைக் கொடுத்தது. தலைப்பு முதலில் தயாராக இருந்தது, உடல் அதற்குள் பொருத்தப்பட்டது. 1880-இல் அகஸ்டீன் ஆண் உடை அணிந்து அங்கிருந்து தப்பிப் போனாள். அவள் உடல் தன் விருப்பமாகச் செய்த மிகத் தெளிவான அந்தச் செயலுக்கு அந்தத் தொகுதிகளில் படம் இல்லை.

ஏன் அகராதி தோற்கிறது? சைகை என்பது காலத்தில் நிகழ்வது. உயரும் கை எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு வேகத்தில், யாரை நோக்கி, அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள், அடுத்து அது எங்கே இறங்கியது என்பவை சேர்ந்தே அதற்குப் பொருள் தருகின்றன. புகைப்படம் இந்த ஓட்டத்திலிருந்து ஒரு கணத்தை அறுத்தெடுக்கிறது. எனவே படத்தில் உள்ள உடல், உயிருள்ள உடலைவிடக் குறைவாகவே சொல்கிறது. ஆனால் நிறையச் சொல்வதுபோல் தோன்றுகிறது. 1962-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் டயான் ஆர்பஸ் எடுத்த சிறுவன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் பொம்மைக் கையெறி குண்டு, மற்றொரு கை நகங்களை விரித்ததுபோல் விறைத்திருக்கிறது, ஒரு தோளிலிருந்து கால்சட்டைப் பட்டை நழுவியிருக்கிறது, முகம் கோணியிருக்கிறது. வன்முறையின் குழந்தை வடிவம் என்று பலர் இதைப் படித்திருக்கிறார்கள். சுருளின் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் அச்சிட்ட கான்டாக்ட் ஷீட் பின்னர் வெளியானது. மற்ற கட்டங்களில் அதே சிறுவன் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிறான், எல்லாச் சிறுவர்களையும் போல விளையாட்டாகப் போஸ் கொடுக்கிறான். ஆர்பஸ் ஏமாற்றிவிட்டாரா? அப்படித் தோன்றவில்லை. அவர் படத்துக்கு வைத்த பெயர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது: பொம்மைக் குண்டுடன் ஒரு குழந்தை, இடம், ஆண்டு. கோபம், வெறி, நோய் என்று எதையும் அவர் தலைப்பில் ஏற்றவில்லை. அந்த விறைத்த கைக்குப் பொருள் தேடும் வேலையை நம்மிடம் விட்டார். அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதினால் அந்தத் தீர்ப்பு நம்முடையது.

இதற்கு மாறாக, ஒரு தலைப்பு எவ்வளவு தூரம் உடலை ஆளும் என்பதற்கு டோரதியா லாங் எடுத்த புலம்பெயர் தாய் படம் சான்று. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவின் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் எடுத்தது. கன்னத்தருகே விரல்கள், நெற்றியில் கோடுகள், இரு தோள்களிலும் முகத்தை மறைத்துக்கொண்ட குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் காலத்து அமெரிக்காவுக்கே இது முகமாயிற்று. அந்தப் பெண்ணின் பெயர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாது. 1978-இல் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று அடையாளம் தெரிந்த பிறகு, அவர் செரோக்கி பழங்குடி வழியில் வந்தவர் என்பதும் தெரியவந்தது. வெள்ளை அமெரிக்க உழவர் குடும்பத்தின் துயரம் என்று பார்த்துவந்த கண்களுக்கு அந்த உடல் இதைச் சொல்லியிருக்கவில்லை. படமெடுத்ததைத் தாம் விரும்பவில்லை, அதனால் தமக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை என்றும் அவர் கூறினார். இன்னொரு நுட்பமும் உண்டு. படத்தின் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பத்தைப் பற்றியிருந்த ஒரு கட்டைவிரல் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து லாங் அதை நெகட்டிவில் மங்கச் செய்தார். கன்னத்தருகே இருக்கும் கை கவலையைச் சொல்கிறது என்பதால் நின்றது; கம்பத்தைப் பற்றிய விரல் அந்தப் பொருளுக்குள் அடங்காததால் குறையாகத் தெரிந்தது. இந்தப் படத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அடைந்த தெளிவுக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது, அதைக் கொடுத்தவர் படத்தில் இருக்கும் பெண்.

இங்கே தமிழ் அவையில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. சைகைக்கு அகராதி இல்லை என்று எப்படிச் சொல்லலாம், நாட்டியத்தில் முத்திரைகளுக்குப் பெயரும் பொருளும் வகுத்து வைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அபிநய தர்ப்பணம் என்ற நாட்டிய நூலைத் திறந்து பதாகம் என்ற முதல் முத்திரையைப் பாருங்கள். விரல்களைச் சேர்த்து நீட்டிய அந்த ஒரே கைக்கு மேகம், காடு, இரவு, ஆறு, குதிரை, காற்று, வெட்டுதல், மறுத்தல் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. அவற்றுள் எது என்பதைப் பாட்டும் அசைவும் கண்ணின் போக்கும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. மிகக் கடுமையாக வரையறுக்கப்பட்ட சைகை முறைகூடப் பொருளைக் கைக்குள் அடைக்கவில்லை, நிகழ்வில் வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் கூர்மையானது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்ன பிறகு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அழுகை இகழ்ச்சியால் வரலாம், இழப்பால் வரலாம், நிலை தாழ்ந்ததால் வரலாம், வறுமையால் வரலாம். கண்ணீர் ஒன்றுதான், களன் நான்கு. உடலில் தெரிவதை மட்டும் கொண்டு எது என்று சொல்ல முடியாது என்ற தெளிவு அந்த அமைப்பிலேயே இருக்கிறது. துஷேன் வெட்டியெறிந்தது இந்தக் களனைத்தான்.

இரண்டாவது மறுப்பு அறிவியலிலிருந்து வருவது. 1960-களின் இறுதியில் உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் பிரீசனும் பப்புவா நியூகினியின் போரே மக்களிடம் சிறு கதைகளைச் சொல்லி, அதற்கேற்ற முகப்படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் எதிர்பார்த்த படங்களையே அவர்கள் தொட்டார்கள். அடிப்படை உணர்ச்சிகளின் முகம் உலகுக்குப் பொது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. இதை நான் முழுதும் தள்ளவில்லை. ஆனால் காட்டிய படங்கள் தெளிவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. விடைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. அப்படியிருந்தும் அச்ச முகத்தையும் வியப்பு முகத்தையும் போரே மக்கள் பிரிக்கவில்லை. உண்மை வாழ்வின் உச்சகணத்து முகத்தைக் காட்டினால் என்ன ஆகும்? 2012-இல் சயன்ஸ் இதழில் அவியேசர், டிரோப், தொடோரோவ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் முக்கியமான புள்ளியை வென்ற கணத்திலும் இழந்த கணத்திலும் எடுத்த படங்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பிரிக்க முடியவில்லை. உடலை மட்டும் பார்த்தவர்கள் சரியாகப் பிரித்தார்கள். வென்றவர் முகத்தைத் தோற்றவர் உடலில் ஒட்டிக் காட்டியபோது, முகமே தோல்வி முகமாகத் தெரிந்தது. உடலைப் படித்துவிட்டு முகத்திலிருந்து தெரிந்துகொண்டதாக நம்புவது நம் பழக்கம் என்பதை இந்த ஆய்வு வெளிப்படுத்துகிறது. ஆகவே உடல் ஊமை என்று நான் சொல்லவில்லை. அது பேசுகிறது, அதன் எந்தப் பகுதி பேசுகிறது என்பதில் நாம் பெரும்பாலும் தவறிவிடுகிறோம்.

கலைப் புகைப்படம் செய்யும் வேலை இந்த இடத்தில்தான் தெளிவாகிறது. ஜான் கோப்ளன்ஸ் ஆர்ட்ஃபோரம் இதழின் ஆசிரியராகவும் அருங்காட்சியக இயக்குநராகவும் இருந்தவர். 1984-இல், அறுபதைக் கடந்த வயதில், தம் நிர்வாண உடலைத் தாமே படமெடுக்கத் தொடங்கினார். தன்னுருவப் படம் என்று பெயர். ஆனால் முகம் ஒன்றில்கூட இல்லை. புகழ்பெற்ற ஒரு படத்தில் மயிர் அடர்ந்த அகன்ற முதுகும் அதன் மேல் இரண்டு முஷ்டிகளும் மட்டுமே. முகம் எடுக்கப்பட்டவுடன் நம் வழக்கமான குறுக்குவழி அடைபட்டுப்போகிறது. வலிமையா, சரணடைதலா, கேலியா என்று முஷ்டிகளைப் பார்க்கிறோம். தொய்ந்த தோலையும் மடிப்பையும் பார்க்கிறோம். இங்கே இரண்டு வகைச் செய்திகள் பிரிகின்றன. தோலின் சுருக்கம் ஒரு தடயம். அந்த உடல் இத்தனை ஆண்டு வாழ்ந்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. உயர்ந்த முஷ்டி ஒரு குறிப்பு. அது யாருக்கு, எதற்கு என்பது திறந்தே இருக்கிறது. டோரதியா லாங் 1940-இல் அரிசோனாவின் எலோயில் எடுத்த பருத்தி பறிக்கும் தொழிலாளியின் படத்திலும் இதைக் காணலாம். உள்ளங்கை நம்மைப் பார்த்திருக்க, கை வாயை மறைக்கிறது. உள்ளங்கையின் வெடிப்புகள் அவன் வேலையை ஐயமின்றிச் சொல்கின்றன. வாயை ஏன் மறைத்தான் என்பதைப் படம் சொல்லவில்லை. புலம்பெயர் தாய் படத்தைவிட இந்தப் படம் எனக்கு உயர்ந்ததாகப் படுவதற்குக் காரணம் இதுதான்: தடயத்தை முழுதாகக் கொடுத்து, குறிப்பை முடிக்காமல் விட்டிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு கடினமானது. நிர்வாண உடலைக் காட்சிக்கு வைத்துவிட்டுச் சொல்லாத மொழி என்று பெயர் சூட்டுவது, பார்க்கும் ஆசைக்குப் போர்த்திய கௌரவமான போர்வை என்று சிலர் சொல்வார்கள். பெண்ணுடலின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1917 முதல் இருபது ஆண்டுகளில், ஓவியர் ஜார்ஜியா ஓகீஃபை முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்: முகம், உடல், தைக்கும் கைகள். ஒருவரைப் பல காலத்துப் பல உறுப்புகளாகக் காட்டுவதே முழுமையான உருவப்படம் என்பது அவர் கொள்கை. கலையாக அது பெரிய சாதனை. ஆனால் 1921-இல் அந்தப் படங்கள் காட்சிக்கு வந்த பிறகு, விமர்சகர்கள் பலர் ஓகீஃபின் ஓவியங்களிலும் அவர் உடலையே தேடினார்கள். அந்த வாசிப்பை அவர் வாழ்நாளெல்லாம் மறுத்துக்கொண்டிருந்தார். 1978-இல் தொண்ணூறு வயதில் அந்தப் படத்தொகுப்புக்கு முன்னுரை எழுதியபோது, படங்களில் இருப்பவர் யார் என்று தாமே வியப்பதாகக் குறிப்பிட்டார். ஆகவே மறுப்பவர்களின் கேள்வியை இப்படிக் கூர்மையாக்கலாம்: உடல் பேசுகிறது என்றால், எந்தக் கணத்தைத் தேர்வது, எதை வெட்டுவது, என்ன பெயரிடுவது என்பதில் அந்த உடலுக்குரியவருக்கு என்ன பங்கு? பங்கே இல்லாத படத்தில் கேட்பது கேமராக்காரரின் குரல். ஆடை இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டையும் தொடும் நீண்ட வரலாறு உண்டு. 1869-இல் லாம்ப்ரே என்பவர், பட்டு நூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் கட்டிய திரைக்கு முன்னால் மனிதர்களை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்கும் முறையைப் பரிந்துரைத்தார். இனங்களை அளந்து ஒப்பிட அது உதவும் என்றார். அதே காலத்தில் பிரித்தானிய இந்திய அரசு, நாட்டு மக்களைச் சாதி, பழங்குடி வகைகளாகப் படங்களில் அடுக்கி எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. அந்த முறைக்கு ஒருவரின் உடல், அவர் சார்ந்ததாகச் சொல்லப்பட்ட வகையின் மாதிரி மட்டுமே. பெங்களூரின் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை எடுத்த தென்னிந்தியப் பெண்கள் தொடர் இதற்கு நேர் பதில். ரவிவர்மா ஓவியத்துப் பெண், இனவரைவியல் படத்துப் பெண், செய்தித்தாளில் வந்த காவல்துறைப் படத்துப் பெண் என எல்லாராகவும் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார். ஒரே உடல் இத்தனை வகைகளாக மாற முடிகிறது என்றால், வகை உடலில் இல்லை, நிறுத்திய விதத்தில் இருக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்குகிறது. கட்டத் திரைக்கு முன் அவர் நிற்கும்போது, அகராதி எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதை உடலே காட்டிக்கொடுக்கிறது.

இவையெல்லாம் கண்காட்சிக் கூடத்து விவாதங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. துஷேனின் அகராதி இன்று மென்பொருளாகத் திரும்பியிருக்கிறது. கேமரா முன் அமர்ந்தவரின் தசை அசைவை அளந்து, இவர் சலிப்பில் இருக்கிறார், நம்பத் தகாதவர் என்று மதிப்பெண் போடும் கருவிகள் சந்தையில் உள்ளன. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் இப்படி உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்திருக்கிறது. டார்வின் கேட்டவர்கள் சில படங்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி அன்று சுட்டிக்காட்டிய குறை இந்தக் கருவிகளிடமும் இருக்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அன்று தவறினால் ஒரு நூலில் ஒரு படம் பொய்த்தது, இன்று தவறினால் ஒருவருக்கு வேலை போகும்.

எனவே, புகைப்படத்தில் ஓர் உடலைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பழகலாம். இதில் எது தடயம், எது குறிப்பு? முன்னும் பின்னும் இருந்த எந்தக் கணங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன? நான் கண்டதாக நினைக்கும் பொருளில் எவ்வளவு படத்தில் இருக்கிறது, எவ்வளவு தலைப்பில் இருக்கிறது? படமெடுப்பவர்களுக்கு நான்காவது ஒன்றும் உண்டு: எதிரே நிற்பவர் இந்தப் படத்தில் எதைத் தேர்ந்தார்? இவற்றுக்குப் பதில் கிடைக்காத படங்கள் நிறைய இருக்கும். அங்கே பொருளை நாமே நிரப்பிவிடாமல், தெரியவில்லை என்று நிறுத்திக்கொள்வது எதிரே உள்ள உடலுக்கு நாம் தரவேண்டிய குறைந்தபட்ச மரியாதை. அந்த மரியாதையைப் பழக்கும் படங்களையே நல்ல கலைப் புகைப்படங்கள் என்று நான் சொல்வேன்.